எத்தனை டிகிரி குனிவீர்கள்?

படைவீரர் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

முதுகு, நரம்பு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்து குவிந்ததைப் பார்த்தால் அமெரிக்கப் படையில் சேர்ந்த தமிழர்களில் முதுகு நேராக இருக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது.

இந்தப் பக்கத்தை முதல்முறை படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. 2009ல் மாவ்னி என்ற திட்டம் வந்தது. குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாவிட்டாலும், தேவைப்பட்ட மொழி தெரிந்தால் அதன்மூலம் அப்போது ராணுவத்தில் சேர முடிந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவ விசாவில் நியூயார்க்கில் இருந்த நான் அப்படித்தான் உள்ளே போனேன். மொழிக்காக எடுத்தவர்கள் கையில் கொடுத்தது லாரி ஸ்டியரிங்கை. ஆப்கானிஸ்தானில் ஒரு வருடம் கவசச் சட்டையோடு லாரி ஓட்டியதில் என் இடுப்பு போனது. 2015ல் வெளியே வந்தேன். இப்போது டெக்சாஸில் ஒரு கவுண்டி அலுவலகத்தில் படைவீரர்களுக்கு க்ளைம் எழுதித் தருகிறேன், அதாவது பணியால் வந்த நோய்க்கு வி.ஏ. என்ற படைவீரர் நலத்துறையிடம் மாத இழப்பீடு கேட்கும் விண்ணப்பம். நோயின் கடுமைக்கு வி.ஏ. போடும் சதவீதம்தான் ரேட்டிங், பணம் அதைப் பொறுத்தது.

அக்கா, நான் நேவியில் ஏழு வருஷம் இருந்தேன். எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5, எல்5-எஸ்1 ரெண்டு டிஸ்க்கும் பிதுங்கி நரம்பை அழுத்துதுன்னு தெளிவா எழுதியிருக்கு. சி.டி.யைக் கையிலேயே கொண்டுபோனேன். வி.ஏ. குடுத்தது வெறும் 10 சதவீதம். படத்தைப் பார்க்கவே மாட்டாங்களா?
— வாசகர், வர்ஜீனியா

பார்த்திருப்பார்கள் தம்பி. பார்த்துவிட்டு ஓரமாக வைத்திருப்பார்கள். உங்களுக்கு முதுகில் நோய் இருக்கிறதா, அது பணியால் வந்ததா என்ற இரண்டு கேள்விக்குத்தான் எம்.ஆர்.ஐ. உதவும். அந்த இரண்டிலும் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், அதனால்தான் 10 கிடைத்தது. எத்தனை சதவீதம் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் படத்தில் இல்லை, நீங்கள் எவ்வளவு தூரம் முன்னால் குனிகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

2003 செப்டம்பர் 26க்கு முன்னால் கீழ்முதுகின் அசைவு 'லேசாக', 'நடுத்தரமாக', 'கடுமையாக' குறைந்திருக்கிறது என்று வாய்வார்த்தையில் மதிப்பிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாம் கோணக்கணக்கு. நேராக நிற்பது 0, இடுப்பிலிருந்து முழுதாகக் குனிந்தால் 90 டிகிரி. 60க்கு மேல் 85 வரை குனிய முடிந்தால் 10 சதவீதம். 30க்கு மேல் 60 வரை என்றால் 20. 30 டிகிரியிலேயே நின்றுவிட்டால் 40. கீழ்முதுகுக்கு 30 சதவீதம் என்று ஒரு படியே கிடையாது, அது கழுத்துக்கு மட்டும். 50ம் 100ம் முதுகெலும்பு இறுகி அசையாமல் போனவர்களுக்கு. முன்னால் குனிவதோடு பின்னால் வளைவது, பக்கவாட்டில் சாய்வது, திரும்புவது எல்லாம் கூட்டி இன்னொரு கணக்கும் உண்டு, மொத்தம் 240 டிகிரி. அது 120ஐத் தாண்டாவிட்டால் 20 சதவீதம். தசை இறுகி நடையே கோணலாகிவிட்டாலும் 20. ஆனால் பெரும்பாலோருக்கு முடிவாவது முன்னால் குனிகிற அந்த ஒரு எண்ணில்தான். நீங்கள் அனுப்பிய அறிக்கைப் பக்கத்தில் அது 75.

அளக்கிற கருவியின் பெயர் கோனியோமீட்டர். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் பாகைமானிக்கு இரண்டு நீளக் கை முளைத்த மாதிரி இருக்கும். சி அண்ட் பி பரிசோதனையில், அதாவது க்ளைமுக்காக வி.ஏ. வரச்சொல்லும் மருத்துவப் பரிசோதனையில், அதை எடுக்காமல் கண்ணால் பார்த்தே எண் எழுதினால் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், என்னைப் பார்த்தாவது நீங்கள் தப்பிக்கலாம். 2015ல் பரிசோதனைக்குப் போகிற அன்று காலையில் 800 மில்லிகிராம் ஐபுப்ரோஃபன் போட்டுக்கொண்டேன். ராணுவத்தில் அதற்கு 'ரேஞ்சர் மிட்டாய்' என்றே பெயர், கால் ஒடிந்தாலும் அதைத்தான் கொடுப்பார்கள். உள்ளே போனதும் மருத்துவர், "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். "நல்லா இருக்கேன் சார்" என்றேன். அது வெறும் மரியாதைக்குச் சொன்னது. குனியச் சொன்னார். சார்ஜண்டாக இருந்த பழக்கம், சொன்னதைச் செய்துதானே பழக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு 80 டிகிரி குனிந்தேன். திரும்பி வந்து கார் நிறுத்தும் இடத்தில் பின்சீட்டில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தபிறகுதான் வண்டி ஓட்ட முடிந்தது. அறிக்கையில் இருந்தது இரண்டு விஷயம்: 'நலமாக இருப்பதாகக் கூறினார்', '80 டிகிரி'. பின்சீட்டு அதில் இல்லை. எப்படி இருக்கும், நான் சொல்லவே இல்லையே.

சட்டம் இந்த இடத்தில் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. 1995ல் டெலூகா வழக்கில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம், குனிகிற கோணத்தை மட்டும் எழுதினால் போதாது, வலி, களைப்பு, பலவீனம், வலி கூடும் நாட்கள் எல்லாவற்றாலும் எவ்வளவு இழப்பு என்றும் சொல்லவேண்டும் என்றது. 2011ல் மிட்செல் வழக்கில் அதற்கு ஒரு வரம்பு வைத்தது: வலிக்கிறது என்பது மட்டும் போதாது, அந்த வலி அசைவைத் தடுக்கவேண்டும். ஆகவே உங்களுக்கு 40 டிகிரியில் வலி ஆரம்பித்து 75 வரை போக முடிந்தால், 40 என்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எந்த இடத்தில் வலி உங்களை நிறுத்துகிறதோ அந்த இடம்தான் கணக்கு. அங்கே நின்றுவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்றால், "இதுக்கு மேல போனா மூணு நாள் படுக்கை" என்று சொல்லுங்கள், உண்மையானால். பொய்யானால் சொல்லாதீர்கள். நீங்கள் நாற்காலியிலிருந்து எழுவதையும், குனிந்து ஷூ மாட்டுவதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். மேசைக்கு முன்னால் 20 டிகிரி, ஷூ லேஸ் கட்டும்போது 80 என்றால் உங்கள் கோப்பில் அதற்கப்புறம் ஒரு வார்த்தையையும் நம்பமாட்டார்கள்.

உங்களுக்கு உதவப்போவது 2017ன் ஷார்ப் வழக்கு. பரிசோதனை நாளில் வலி கூடியிருக்கவில்லை, அதனால் கூடும் நாட்களில் எத்தனை டிகிரி இழப்பு என்று சொல்ல முடியாது என மருத்துவர் கைவிரிக்கக் கூடாது. படைவீரரைக் கேட்டு, கோப்பைப் பார்த்து, ஒரு மதிப்பீடாவது சொல்ல முயலவேண்டும். உங்கள் அறிக்கையில் 'ஊகிக்காமல் சொல்ல இயலாது' என்று ஒரே வரிதான் இருக்கிறது, ஏன் இயலாது என்று காரணம் இல்லை. பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த வரியைத்தான்.

முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடம் உங்களுக்கு இருக்கிறது. 20-0996 படிவத்தில் மேல்நிலை மறு ஆய்வு கேளுங்கள். அதில் புதுக் காகிதம் எதையும் சேர்க்க முடியாது, ஆனால் ஆய்வாளரோடு ஒருமுறை தொலைபேசியில் பேசலாம். அந்தப் பெட்டியைக் கட்டாயம் டிக் செய்து, பேசும்போது இந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள், வாழ்க்கை வரலாறு வேண்டாம். குறை உண்டென்று அவர் ஒப்புக்கொண்டால் மறுபடி பரிசோதனைக்கு அனுப்புவார்கள். புதிய மருத்துவர் கடிதம் ஏதாவது கையில் இருந்தால் மட்டும் 20-0995, அதாவது துணை க்ளைம்.

ஒரு வருடத்தைத் தவறவிடாதீர்கள். நான் விட்டேன். கோபத்தில் கடிதத்தை அலமாரியில் போட்டுவிட்டு 2019ல்தான் எடுத்தேன். இடையில் இருந்த வருடங்களின் பணம் போனது போனதுதான்.

டாக்டர் என்னைப் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொன்ன வாரங்களை வைத்து ரேட்டிங் வாங்கலாம் என்கிறார் நண்பர். உண்மையா?
— வாசகர், நார்த் கரோலினா

காகிதத்தில் உண்மை. டிஸ்க் நோய்க்கு அப்படி ஒரு தனிச் சூத்திரம் உண்டு. கடந்த 12 மாதத்தில் மொத்தம் ஆறு வாரமாவது மருத்துவர் எழுதிக்கொடுத்த படுக்கை ஓய்வு என்றால் 60 சதவீதம். நான்கு வாரத்துக்குக் குறையாமல் என்றால் 40, இரண்டு வாரம் 20, ஒரு வாரம் 10. ஆனால் இந்தக் காலத்தில் எந்த மருத்துவர் முதுகுவலிக்காரரைப் படுக்கச் சொல்கிறார்? எழுந்து நட என்றுதான் விரட்டுகிறார்கள். நீங்களாக விடுப்பு போட்டுப் படுத்த நாட்கள் இதில் சேராது. என் மேசைக்கு வந்த கோப்புகளில் இந்தச் சூத்திரம் பலித்தவை மிகக் குறைவு. நண்பரின் ஆலோசனையை நண்பரிடமே விட்டுவிடுங்கள்.

மேடம், எனக்கு இடது கால் பின்பக்கம் தொடையிலிருந்து பெருவிரல் வரை சுரீர் என்று இழுக்கிறது, பிறகு மரத்துப்போகிறது. முதுகுக்கு 20 சதவீதம் கொடுத்தார்கள். காலுக்கு ஒன்றுமில்லை. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் மரத்துப்போகிறது என்று எழுதிவிட்டார்கள். நரம்புப் பரிசோதனையும் நார்மல் என்று வந்தது.
— ஓய்வுபெற்ற ராணுவ மெக்கானிக், நியூ ஜெர்சி

சர்க்கரை நம் ஆட்களைக் கவிழ்க்கிற இடம் இது. ஐயா, உங்கள் இரண்டு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சர்க்கரையால் வரும் மரப்பு சாதாரணமாக இரண்டு பாதத்திலும் ஒன்றுபோல ஆரம்பிக்கும், சாக்ஸ் போட்ட மாதிரி கீழிருந்து மேலே ஏறும். முதுகிலிருந்து நரம்பு நசுங்கி வருவது மேலிருந்து கீழே, பெரும்பாலும் ஒரு பக்கமாக, ஒரு கோடு கிழித்தாற்போல இறங்கும். பெருவிரல் என்றால் கீழ்முதுகின் எல்5 நரம்பு வேர், சுண்டுவிரல் ஓரம் என்றால் அதற்கு அடுத்த எஸ்1. உங்கள் உடம்பில் கோடு எங்கே ஓடுகிறது என்று ஒரு மனித உருவத்தை வரைந்து, அதில் பேனாவால் இழுத்து, உங்கள் நரம்பு மருத்துவரிடம் காட்டி, முதுகிலிருந்து வரும் நரம்புவேர்க் கோளாறா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கும் பரிசோதனை நார்மல் என்பதால் நோய் இல்லை என்றாகாது. உணர்வு வேர் மட்டும் நசுங்கியிருந்தால் அது பல நேரம் நார்மலாகவே வரும். இதையும் அவரே எழுதினால் நல்லது, நான் சொன்னால் செல்லாது.

சர்க்கரை பாதி, முதுகு பாதி, பிரிக்கவே முடியாது என்று அவர் சொன்னாலும் பயமில்லை. 1998ல் மிட்லைடர் என்ற வழக்கில், பணியால் வந்த நோயின் அறிகுறியையும் மற்ற நோயின் அறிகுறியையும் மருத்துவத்தால் பிரிக்க முடியாவிட்டால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்று தீர்ப்பாகியிருக்கிறது. உங்கள் கோப்பில் யாரும் பிரித்துப் பார்க்கவே முயலவில்லை, சர்க்கரை என்ற சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டார்கள்.

இனி எத்தனை கிடைக்கும் என்பது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்புக்கு, ஸயாட்டிக் நரம்பு என்பார்கள், வி.ஏ. விதியில் எண் 8520. லேசான பாதிப்பு 10, நடுத்தரம் 20, ஓரளவு கடுமை 40, தசை வெளிப்படையாகச் சூம்பிய கடுமை 60, பாதம் தொங்கிப்போய் முழங்காலுக்குக் கீழே எதுவும் அசையாத முழு வாதம் 80. இதில் லேசு எது, நடுத்தரம் எது என்று விதியில் எங்கும் விளக்கம் இல்லை. முதுகுக்கு டிகிரி வைத்தவர்கள் நரம்புக்கு மட்டும் ஏன் இப்படி வாய்வார்த்தையில் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒரே கால், ஒரே அறிகுறி, ஒரு அலுவலகம் 10 தருகிறது, இன்னொன்று 20 தருகிறது.

எழுதிவைத்திருக்கிற ஒரே கட்டுப்பாடு இது: பாதிப்பு உணர்வில் மட்டும் என்றால், அதாவது மரப்பு, எரிச்சல், வலி மட்டும் என்றால், லேசு அல்லது மிஞ்சிப்போனால் நடுத்தரம். அதாவது 20தான் உச்சி. அதைத் தாண்டவேண்டுமென்றால் பலம் குறைந்திருக்கவேண்டும், கணுக்கால் அனிச்சை போயிருக்கவேண்டும், கெண்டைத்தசை சுற்றளவு குறைந்திருக்கவேண்டும். ஆகவே மருத்துவர் சுத்தியலால் தட்டினாரா, இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்தாரா என்று கவனியுங்கள். மாடிப்படியில் பாதம் இடறுகிறது, ஒரு பக்கச் செருப்பு முனை மட்டும் தேய்கிறது என்றால் அதைச் சொல்லாமல் வராதீர்கள். தேய்ந்த செருப்பைக் கையோடு கொண்டுபோனவர் ஒருவர் எனக்குத் தெரியும். மருத்துவர் சிரித்தாராம், ஆனால் அறிக்கையில் எழுதினார்.

முதுகெலும்பு விதியின் முதல் குறிப்பே நரம்புப் பாதிப்பைத் தனியாக மதிப்பிடவேண்டும் என்கிறது. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவதும் அதில் அடங்கும். நம் ஆட்கள் கூச்சப்பட்டுச் சொல்வதே இல்லை. அப்படித் திடீரென்று ஆரம்பித்தால் க்ளைமை மறந்துவிட்டு நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

எனக்கும் என் பழைய ரூம்மேட்டுக்கும் 20, 20, 10 என்று ஒரே எண்கள்தான் வந்தன. எனக்கு மொத்தம் 50 என்று போட்டார்கள். கூட்டினால் 50 சரிதான். அவனுக்கு மட்டும் 40. அவனுக்கு அநியாயம் பண்ணிவிட்டார்களா?
— வாசகர், கலிஃபோர்னியா

உங்கள் விடை சரி, கணக்கு தப்பு. நான் பள்ளியில் வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் இந்த வகைதான்.

வி.ஏ. கூட்டுவதில்லை. முழு மனிதன் 100 என்று வைத்து, முதல் நோய் 20ஐத் தின்றால் மிச்சம் 80. இரண்டாவது 20 சதவீதம் அந்த 80ல் எடுக்கும், அதாவது 16. மொத்தம் 36. மிச்சம் 64ல் 10 சதவீதம் 6.4, ஆக 42. அருகிலுள்ள பத்துக்கு மாற்றினால் 40. முதுகு 20, கழுத்து 20, ஒரு கால் 10 என்ற உங்கள் நண்பருக்கு அதுதான் நடந்தது. அநியாயம் இல்லை.

உங்களுக்கோ முதுகு 20, இடது கால் 20, வலது கால் 10. இரண்டு காலும் கெட்டவர், ஒரு காலாவது நன்றாயிருப்பவரைவிட அதிகம் கஷ்டப்படுவார் என்பதால் இருபக்கக் காரணி என்று ஒன்று உண்டு. இரண்டு காலையும் முதலில் சேர்த்தால் 28. அதில் பத்தில் ஒரு பங்கு, 2.8, மேலே போடுவார்கள். 30.8, அதாவது 31. மிச்சம் 69ல் முதுகின் 20 சதவீதம் 13.8. மொத்தம் 44.8, அதாவது 45. ஐந்தில் முடிந்தால் மேலே ஏற்றுவார்கள், ஆகவே 50. அந்தக் காரணி இல்லாவிட்டால் நீங்களும் 42ல் நின்று 40 வாங்கியிருப்பீர்கள். 2025 விகிதப்படி தனி ஆளுக்கு 40 சதவீதம் மாதம் 774.16 டாலர், 50 சதவீதம் 1,102.04 டாலர். வரி கிடையாது. வலது காலின் அந்தப் பத்தைக் 'கொஞ்சமாத்தானே மரத்துப்போகுது' என்று க்ளைமில் எழுதாமல் விடுகிறவர்களுக்காக இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

நண்பருக்கு கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் மரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிக் கைக்குப் போகும் நரம்புகளில் மேல் நரம்புவேர்த் தொகுதி என்று ஒன்று உண்டு, அதற்கு லேசான பாதிப்பே 20ல்தான் ஆரம்பம்.

ஒரு கம்பெனி எனக்கு ரேட்டிங் ஏற்றித் தருகிறதாம், ஏறிய தொகையில் ஐந்து மாதத்தைக் கட்டணமாகக் கேட்கிறார்கள். போகலாமா?
— வாசகர், ஜார்ஜியா

வேண்டாம். முதல் க்ளைம் தயாரித்துத் தருவதற்கு யாருமே கட்டணம் வாங்க வி.ஏ. விதியில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோகூட, ஒரு முடிவு வந்தபிறகு அதை எதிர்த்துப் போகும்போதுதான் கட்டணம் பேசலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நியாயமில்லை என்றும் எடுத்துக்கொள்வார்கள். கேட்கிறவர் அங்கீகாரம் பெற்றவரா என்று வி.ஏ.யின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினால் தெரியும். டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் போன்ற படைவீரர் சங்கங்கள் எல்லாம் இலவசமாகவே செய்கின்றன. நானும் காசு வாங்குவதில்லை.

மறு பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. போகாமல் இருந்தால் பழைய ரேட்டிங்கே நீடிக்குமா?
— பெயர் வேண்டாம்

நீடிக்காது, போகாமல் இருந்தால்தான் ஆபத்து. போங்கள். குறைக்கப்போகிறோம் என்று முடிவெடுத்தால் முதலில் முன்மொழிவுக் கடிதம் அனுப்பவேண்டும். ஆதாரம் தர 60 நாள், நேரில் விசாரணை கேட்க 30 நாள். 30 நாளுக்குள் விசாரணை கேட்டுவிட்டால் அது முடியும்வரை குறைக்க மாட்டார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் நிலைத்த ரேட்டிங் என்றால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்துக் குறைப்பது அவர்களுக்குச் சுலபமில்லை.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று யோசிக்கிறேன். பணம் நின்றுவிடுமா?
— வாசகர், இல்லினாய்

நிற்காது. இழப்பீடு எந்த நாட்டிலிருந்தாலும் வரும். பணியால் வந்தது என்று ஏற்ற நோய்களுக்கு வெளிநாட்டில் ஆகும் மருத்துவச் செலவுக்கும் வெளிநாட்டு மருத்துவத் திட்டம் ஒன்று வி.ஏ.யில் உண்டு, கிளம்புமுன் அதில் பதிவு செய்யுங்கள். முகவரியை மறக்காமல் மாற்றுங்கள், மேலே எழுதிய மாதிரி கடிதம் வந்து பழைய வீட்டுக் கதவிடுக்கில் கிடந்தால் 60 நாளும் ஓடிவிடும்.

அக்கா, இது என் வீட்டுக்காரருக்காக. அவர் ஆர்மியில் ஆறு வருஷம். ராத்திரி தரையில்தான் படுக்கிறார். பையனைத் தூக்கி ஒரு வருஷமாச்சு. யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்கிறார். அடுத்த மாசம் பரிசோதனை. அங்கேயும் அதையே சொல்லிவிட்டு வருவார். நான் கூடப் போய்ப் பேச முடியுமா?
— வாசகி, வாஷிங்டன் மாநிலம்

உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ, அதை நம்பியிருக்காதே அம்மா. எழுது. 21-10210 என்ற படிவம் சாட்சிகளுக்காகவே இருக்கிறது, பரிசோதனைக்கு முன்னாலேயே கோப்பில் ஏற்றிவிடலாம். கண்ணால் பார்த்ததைச் சொல்ல மருத்துவப் படிப்பு தேவையில்லை, நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்ட விஷயம் இது. 'அவருக்கு நரம்பு நசுங்கியிருக்கிறது' என்று எழுதாதே, அது மருத்துவர் சொல்லவேண்டியது. 'மிகவும் கஷ்டப்படுகிறார்' என்றும் எழுதாதே, எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், படிக்கிறவர் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

எண்ணிக்கை எழுது. மாதத்தில் எத்தனை நாள் வலி கூடுகிறது, எத்தனை மணி நேரம் நீடிக்கிறது. அந்த நாளில் வாஷ்பேசின் முன் குனிந்து முகம் கழுவ முடிகிறதா, ஷூ லேஸை யார் கட்டுகிறார்கள், காரில் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்கவேண்டியிருக்கிறது. உன் கடிதத்தில் நீயே எழுதிவிட்டாய்: 'பையனைத் தூக்கி ஒரு வருஷமாச்சு.' அதை அப்படியே போடு. கடைசியாகத் தூக்கியது எந்த மாதம், அப்போது என்ன ஆனது என்றும் சேர்த்துப் போடு. ஒரு பக்கம் போதும்.

எழுதியதை அவர் பரிசோதனைக்குப் போகும் முன்தினம் அவரையே படிக்க வை. பரவாயில்லை என்று சொல்லிச் சொல்லி அவரே மறந்திருப்பார். மருத்துவர் கேட்கும்போது அவருக்கு ஞாபகம் வரவேண்டும்.

2019ல் என் துணை க்ளைமில் இப்படி ஒரு கடிதம் இருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்து என்னோடு ஆறு மாதம் இருந்த அம்மா தமிழில் எழுதியது, நான் ஆங்கிலத்தில் மாற்றிக் கூடவே வைத்தேன். பத்து வரிகூட இல்லை. அதில் ஒரு வரி: 'கீழே கரண்டி விழுந்தால் இவள் குனிவதில்லை, கால்விரலால் கவ்வித்தான் எடுக்கிறாள்.' நான் அப்படிச் செய்கிறேன் என்பதே அதைப் படித்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த பரிசோதனையில் மருத்துவர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "கரண்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். முதுகு 20, இடது கால் 10 என்று முடிவு வந்தது. ஆதாரப் பட்டியலில் எம்.ஆர்.ஐ.க்கு அடுத்த வரியில் 'தாயாரின் கடிதம்' என்று போட்டிருந்தார்கள்.